கத்தரிக்காய்க் காம்பும் பக்ரீத் தோலும்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கொடுத்திருப்பார்கள். காம்போ, கொட்டையோ, சருகோ, எதுவானாலும் இதில்தான் வரவேண்டும், சாக்கில் வரக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். ஏன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தெரிந்தவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். எனக்கு நீட்டி எழுத வராது.

நான் எட்டாவதோடு நின்றவன். ஊர் திமிரி. அந்த ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராகச் சேர்ந்து அட்டெண்டராகவே வெளியே வந்தேன். என் வேலை குப்பை சேர்ப்பது. மக்கள் வேண்டாம் என்று கழிப்பதை வாங்கி வருவேன். காயவைப்பேன். அரைப்பேன். அதற்குமேல் எல்லாம் ஆராய்ச்சி செய்த மேடம். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் விரும்பமாட்டார்.

நாங்கள் தேடியது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டை உரித்ததும் தோல் கெட ஆரம்பிக்கும். வெயில் காலத்தில் அரை நாள்கூடத் தாங்காது. அதனால் உப்பு போடுகிறார்கள். தோல் பதப்படுத்தும் டேனரியில் அந்த உப்பைக் கழுவி விடுகிறார்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவனுக்குச் சொல்லவேண்டாம். குப்பைக்குப் போகிற செடிப் பாகங்களில் ஏதாவது ஒன்று தோலைக் கெடுக்கிற கிருமியை அடக்கினால், உப்பைப் பாதியாகக் குறைக்கலாம். அதுதான் மேடத்தின் எண்ணம்.

கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பார். நடுவில் சின்னக் குழி. அதில் நம் பொடியின் சாறு. மறுநாள் பார்த்தால், சாறு நல்லதாக இருந்தால் குழியைச் சுற்றி ஒரு வெற்று வட்டம் நிற்கும். இல்லையென்றால் கிருமி குழிவரை வந்துவிடும். வாழைப்பூ மடல், சோளக் குஞ்சம், வேர்க்கடலைத் தோல், மாங்கொட்டை என்று நான் கொண்டு வராத குப்பை இல்லை. பல பொருள் தட்டில் சும்மா கிடந்தது. சில பொருள் தட்டில் வேலை செய்தது, ஆனால் தோலில் கறை போட்டது. எதுவும் இல்லை என்று வருவதுதான் இந்த வேலையில் தினப்படி. அதற்கு நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும். பழகாதவர்கள் வட்டம் ஒன்று தெரிந்ததும் மயங்கிவிடுவார்கள்.

கத்தரிக்காய்க் காம்பு அப்படி வந்ததுதான்.

ஆம்பூரில் பிரியாணி இருக்கும் இடத்தில் கத்தரிக்காய் இருக்கும். கடைக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்து அரிவார்கள். காம்பு மலையாகக் குவியும். நான் போய் அதைக் கேட்டபோது அவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பிரியாணி வேணாமாம், காம்பு வேணுமாம். இன்னாண்ணா, வீட்ல அண்ணி காம்புக் கொழம்பா வைக்கிறாங்க?" என்றாள் ஒருத்தி.

"கிண்டல் பண்ணாதடி. காலேஜ்ல இருந்து வந்திருக்காரு. படிச்சவங்க காம்பைத்தான் துன்னுவாங்க" என்றாள் இன்னொருத்தி.

முள் இருக்கிறது, கையால் அள்ளாதீர்கள் என்று அவர்களே சாக்கில் வாரிப் போட்டுத் தருவார்கள். ஒருநாளும் காசு கேட்டதில்லை.

அந்தச் சாக்கைக் கொடுத்தவர் மண்டிக்கார பாய். ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்தார். வீட்டுக்கு வீடு, கசாப்புக் கடைக்குக் கசாப்புக் கடை தோல் வாங்கி, உப்புப் போட்டு, டேனரிக்கு விற்பார். எங்களுக்குச் சோதனைக்குத் தோல் கொடுத்தவர் அவர்தான். சாக்கும் அவரிடமிருந்தே வரும். எல்லாம் வாட்டில் வந்த சாக்கு. வாட்டில் என்பது மரப்பட்டையிலிருந்து எடுக்கும் தூள். டேனரியில் தோல் பதப்படுத்தப் போடுவது. நம் பக்கத்தில் அந்தச் சாக்கு இல்லாத வீடு கிடையாது. கரி அதில்தான், தவிடு அதில்தான். மழை வந்தால் முக்காடும் அதுதான். அதை ஒரு பொருளாக யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

காம்புச் சாறு தட்டில் நல்ல வட்டம் போட்டது. மேடம் நம்பவில்லை. மறுபடி செய்தார். மறுபடியும் வட்டம். அவர் எதையும் இரண்டாவது தட்டு பார்க்காமல் வாயைத் திறக்கமாட்டார். இதற்கு மூன்று, நான்கு என்று பார்த்தார். பிறகு பாயின் மண்டியில் கொஞ்சம் தோலில் போட்டோம். பாதி உப்பு, கொஞ்சம் காம்புப் பொடி. மார்கழி மாதம். தோல் அப்படியே நின்றது. டேனரிக்குப் போய் நல்ல தோலாகவே வெளியே வந்தது.

பாய்க்குத் தலைகால் புரியவில்லை. உப்பு கம்மியாக இருந்தால் ஜாஸ்தி விலை தருவதாக ஒரு கம்பெனிக்காரர் அவரிடம் சொல்லியிருந்தார். வரும் பக்ரீத்துக்கு இதைப் போடலாம் என்றார். இன்னும் ஒரு வருடம் பார்க்கவேண்டும் என்று மேடம் சொன்னார். பாய் விடவில்லை. எல்லாவற்றிலும் வேண்டாம், ஒரு பங்கில் மட்டும் போடுகிறேன் என்று கேட்டார். மேடம் யோசித்து யோசித்து ஒப்புக்கொண்டார்.

எந்தப் பங்கு என்று பாய் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பக்ரீத் அன்று ஆட்டை அறுத்துக் குர்பானி கொடுத்த வீடுகள் பலவும் தோலை மதரஸாவுக்குக் கொடுத்துவிடும். அங்கே அப்பா இல்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். மதரஸா அந்தத் தோலைப் பாயிடம் ஒப்படைக்கும். விற்றுக் கொடுப்பது அவர் பொறுப்பு. பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அதில்தான் பெரும் பங்கு வரும்.

"விலை ஜாஸ்தி கிடைக்கப் போவுது. எனக்கு இன்னாத்துக்கு மேடம்? மதரஸா தோல்லயே போட்டுர்றேன். நல்லது போய்ச் சேர்ற இடம் அதுதான்" என்றார்.

மேடம் அன்று சந்தோஷப்பட்டார். நானும்தான்.

பெரிய அளவில் பொடி வேண்டும் என்றானதும் கல்லூரியில் பணம் கொடுத்தார்கள். எல்லாம் முறையாகச் செய்யவேண்டும் என்று மேடம் புதுக் கூடைகள் வாங்கினார். சாக்குகள் ஒரு மூலைக்குப் போயின. அதே கடை, அதே பெண்கள், அதே காம்பு. நான் வண்டி வண்டியாகக் கொண்டு வந்து காயவைத்தேன். அரைத்தேன். பொடி பக்ரீத்துக்கு முன்தினம்தான் முடிந்தது. மூட்டை கட்டி மண்டியில் இறக்கிவிட்டு வந்தேன். அதில் ஒரு பிடி எடுத்து மேடம் வழக்கம்போல் தட்டில் போட்டு வைத்தார். புதுப் பொடி எதுவானாலும் அவர் அப்படித்தான்.

பக்ரீத் காலை. விடுமுறை. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். மேடம் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வட்டம் இல்லை. கிருமி குழிவரை வந்திருந்தது.

தட்டைத் திருப்பிப் பார்த்தார். பெயர் எழுதிய காகிதத்தைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். அப்போது போன் வந்தது. பாய்தான். அறை அமைதியாக இருந்ததால் அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"மேடம், தோல் வர ஆரம்பிச்சுடுச்சு. ஆட்டோ ஆட்டோவா வருது. நம்ம பொடியைப் போட்டுர்லாம் இல்ல?"

மேடத்தின் கையில் தட்டு இருந்தது.

"முன்னாடி போட்டது நல்லாத்தானே இருந்துச்சு பாய். அதே மாதிரி போடுங்க" என்றார்.

மேடத்துக்காகத் துவா செய்வதாகச் சொல்லி பாய் போனை வைத்துவிட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். "ஒரே ஒரு தட்டு ஏழுமலை. இதை வெச்சு நல்ல நாள்ல அந்த மனுஷனைக் கலக்கக் கூடாது. இன்னொரு தட்டு போட்டுப் பார்த்துடுவோம்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அத்தனை தட்டு நல்லதாக வந்திருக்கிறது, தோலிலும் நின்றிருக்கிறது, ஒன்று தப்பாக வந்தால் அந்த ஒன்றில்தான் கோளாறு என்று யாரும் நினைப்பார்கள். நீங்களும் நினைப்பீர்கள். அவர் செய்தது சோம்பேறித்தனம் இல்லை. அகம்பாவமும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அவரை நல்லவராக ஆக்கிய பழக்கம்தான் அது. உறுதியாகத் தெரியாததைச் சொல்லமாட்டார். ஆனால் இரண்டாவது தட்டு பேசுவதற்கு ஒரு நாள் ஆகும். பச்சைத்தோல் ஒரு நாள் காத்திருக்காது. அன்று வெயில் நெருப்பாக இருந்தது.

மறுநாள் காலை இரண்டாவது தட்டும் அப்படியே இருந்தது. மேடம் பையை எடுத்துக்கொண்டார். போன் பண்ணவில்லை. நேரே ஆம்பூர் போனோம்.

மண்டிக்குள் நுழையும் முன்பே வாடை அடித்தது. தோல் மண்டியில் வாடை இருக்கும். அது வேறு, இது வேறு. பாய் ஓர் அடுக்கின் முன்னால் நின்றிருந்தார். ஒரு தோலை விரித்து, மயிரைப் பிடித்து லேசாக இழுத்தார். கொத்தாகக் கையோடு வந்தது. மயிர் கழன்றால் தோல் முடிந்தது. அதற்கு மேல் உப்பு போட்டாலும் பயனில்லை. அடுத்த தோலை இழுத்தார். அதுவும் வந்தது. பக்கத்தில் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் நின்றிருந்தார். பெரியவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, முழு உப்பு போட்ட மற்ற தோல்கள் நன்றாக இருந்தன.

மேடம் நினைத்திருந்தால் வெயில்மேல் பழி போட்டிருக்கலாம். உப்பு சரியாகப் போட்டீர்களா என்று கேட்டிருக்கலாம். பாய் நம்பியிருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை.

"பாய், எனக்கு நேத்து காலையிலேயே சந்தேகம் வந்துச்சு" என்றார்.

பாய் திரும்பினார். கையில் மயிர் இருந்தது.

"நான் போன் பண்ணப்பவா?"

"ஆமா. அப்ப தட்டு என் கையிலதான் இருந்துச்சு."

பாய் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று பிறகு மேடம் ஒருமுறை சொன்னார். அவர் மண்டியின் மூலையைக் காட்டினார். அங்கே உப்பு குவித்து வைத்திருந்தது.

"உப்பு அங்கதான் இருக்கு மேடம். நேத்தும் அங்கதான் இருந்துச்சு. லேசா டவுட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அள்ளிப் போட்டிருப்பேன்."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். ஹஜ்ரத் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க. அது எங்களுக்குத் தெரியும்" என்றார். பிறகு இந்தத் தோல்களை என்ன செய்வது என்று பாயைக் கேட்டார். வஜ்ரப் பசை காய்ச்சுகிறவன் எடுத்துக்கொள்வான் என்றார் பாய். கோந்துக்குப் போகிற தோலுக்கு என்ன பணம் வந்துவிடும். ஹஜ்ரத் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

சந்தேகத்தை நிரூபித்த பிறகுதான் சொல்லவேண்டும் என்று ஒன்றும் இல்லை. சந்தேகத்தைச் சந்தேகமாகவே சொல்லலாம். எதிரில் இருப்பவனிடம் உப்பு இருக்கலாம். இது ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். சாக்கு சின்ன விஷயம்.

சாக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் மேடம் எல்லாவற்றையும் கேட்டார். கடை மாறியதா, காய் மாறியதா, அரைக்கும் இயந்திரம் மாறியதா. எதுவும் மாறவில்லை, கூடைதான் புதுசு என்றேன். அவர் மூலையில் கிடந்த சாக்குகளைப் பார்த்தார். ஒன்றை உதறச் சொன்னார். நன்றாகத் தண்ணீரில் அலசச் சொன்னார். தண்ணீர் டீ நிறத்தில் இறங்கியது. அந்தத் தண்ணீரைத் தட்டில் போட்டார். காம்பு இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் சாக்குத் தண்ணீர். மறுநாள் பெரிய வட்டம் நின்றது.

சாக்கில் ஒட்டியிருந்த வாட்டில் தூள் ஈரத்தில் ஊறிக் காம்பில் ஏறியிருக்கிறது. வட்டம் போட்டது அதுதான். நிறம் காட்டிக் கொடுத்திருக்கவேண்டும். ஆனால் கத்தரிக்காய்க் காம்பு தானாகவே பழுப்பாகிவிடும். யாருக்குத் தெரியும். போதாததற்கு மண்டிச் சோதனையை மார்கழியில் செய்தோம். அந்தக் குளிருக்குப் பாதி உப்பே போதுமாக இருந்திருக்கும்.

மேடம் அந்தத் தட்டை ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தார். "ஊரே தாத்தா காலத்துல இருந்து தோலுக்குப் போடறதை நாம புதுசா கண்டுபிடிச்சிருக்கோம் ஏழுமலை" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எங்களால் முடியவில்லை.

பழைய முடிவு தப்பு என்று அவரே எல்லோருக்கும் எழுதிப் போட்டார். யாரும் கேட்டு அல்ல. கல்லூரியில் முதுகுக்குப் பின்னால் கத்தரிக்காய் மேடம் என்றார்கள். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும் என்று ஒருத்தர் என் காதுபடச் சொன்னார். தன் தப்பைத் தானே எழுதிப் போட்டவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருத்தர்தான் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பாய் தன் கையிலிருந்து மதரஸாவுக்குக் கொடுத்தார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. ஹஜ்ரத் மறுத்தும் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். ஆனால் மதரஸாவை நடத்துவது ஹஜ்ரத் ஒருத்தர் மட்டும் இல்லை. அடுத்த பக்ரீத்துக்குத் தோல் வேறு மண்டிக்குப் போகும் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

மேடம் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. முன்னைவிட ஜாஸ்தியாகச் செய்தார். அந்த வருடம் வெங்காயச் சருகு கூடையில் வந்தது. மழை, குளிர், வெயில் மூன்றிலும் தட்டு ஒரே மாதிரி வட்டம் போட்டது. எங்கள் கூடத்திலேயே தோல் துண்டுகளில் போட்டார். நின்றது. கோடையிலும் நின்றது. பொடியை ஜாடியில் போட்டு அலமாரியில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு முழுத் தோலிலாவது போட்டுப் பார்க்கவேண்டாமா என்று அவரிடம் படித்த பெண் ஒருத்தி கேட்டாள். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார். அதன்பிறகும் கேட்டாள். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார். அவள் வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

பக்ரீத் வந்தது. முபாரக் சொல்ல நான் ஆம்பூர் போனேன். மண்டி முன்போல் இல்லை. கொஞ்சம் தோல்தான் வந்திருந்தது. பாய் என்னை உட்காரவைத்து பிரியாணி போட்டார். மேடம் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். ஏன் வரவில்லை என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். கிளம்பும்போது உள்ளே போய் ஒரு தோலை எடுத்து வந்தார். அப்போதுதான் உரித்தது. சூடு ஆறவில்லை.

"இது என் வீட்டு ஆடு. இதுக்கு நான் யாருக்கும் பதில் சொல்ல வேணாம். மேடம்கிட்ட புதுசா எதனா இருந்தா இதுல போட்டுப் பாக்கச் சொல்லு. தோல் அழுவினா அழுவட்டும்னு நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

பஸ்ஸில் பச்சைத்தோலை ஏற்றமாட்டார்கள். தன் வண்டியிலேயே என்னை அனுப்பிவைத்தார். மேடம் அன்றும் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தார். பாய் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மேசைமேல் தோலை விரித்தேன். நல்ல வெள்ளாட்டுத் தோல்.

மேடம் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். வெங்காயச் சருகு ஜாடியை எடுத்து வந்து தோலுக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியைத் திறந்தார். நான் கையுறை மாட்டிக்கொண்டு நின்றேன். அவர் தோலைத் தொட்டுப் பார்த்தார். மயிரைத் தடவினார். ரொம்ப நேரம் ஆனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குத் தோலைப் பற்றிக் கவலை வந்தது.

அவர் ஜாடியை மூடினார்.

"உப்பு எடுத்துட்டு வாங்க ஏழுமலை."

"பாதியா மேடம்?"

"முழுசா."

தேய்த்தேன். நன்றாகவே தேய்த்தேன். அந்தத் தோல் கெடவில்லை. ஒரு வாரம் கழித்து நானே கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்தேன். அவர் வாசலில் வெளிச்சத்தில் பிரித்தார். மயிரை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. முகம் மலர்ந்தது. பிறகு சதைப்பக்கம் திருப்பி விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார்.

ஆமாம் பாய் என்றேன். அவர் தோலை மடித்து மற்றவற்றோடு போட்டார்.